டயருக்குச் சூடு ஏறும்வரை

கலைச்செல்வன் காரின் பின்சக்கரத்துக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, காய்ச்சல் பார்க்கும் கருவியைத் துப்பாக்கி மாதிரி நீட்டி டயரைச் சுட்டான். கருவி ஒருமுறை கீச்சென்றது.

"லோ," என்றான் கவலையோடு.

வாசற்படியில் வினோதினி நின்றிருந்தாள். சான்றிதழ் ஃபைலை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள். அவன் நகர்ந்துபோய் முன்சக்கரத்தைச் சுட்டான். அதுவும் லோதான். கொரோனா காலத்தில் பள்ளிக்கூட வாசலில் நின்று பிள்ளைகளின் நெற்றியில் அவள் வைத்துப் பார்த்த கருவி அது. பள்ளியில் புதிது வாங்கியபோது பழையதை அவள் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். கொண்டுவந்திருக்கக் கூடாது. உடம்புச் சூட்டுக்கு ரொம்பக் கீழே இருக்கிற எதைக் காட்டினாலும் அது லோ என்றுதான் சொல்லும். சுவரைக் காட்டினால் லோ, தயிர்ச் சட்டியைக் காட்டினால் லோ. இதை அவனுக்கு எத்தனையோ தரம் விளக்கியிருக்கிறாள். ஒவ்வொரு தரமும் அவன் ஒரே பதிலைத்தான் சொன்னான். "சூடுன்னா சூடுதானே வினோ. நெத்திக்கு ஒரு சூடு, டயருக்கு ஒரு சூடுன்னா இருக்கு?"

"பத்து மணிக்கு இன்டர்வியூங்க," என்றாள் இப்போது.

"தெரியும். ரோட்டுல ஏறிட்டா கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள பெரம்பலூர். ஆனா டயரு ஜில்லுனு கெடக்கு. இப்ப மிதிச்சா ரோட்டப் புடிக்காது."

"அப்ப மெதுவா போங்க."

"மெதுவா போனா சூடு ஏறாது."

"வேகமா போங்க."

"சூடு ஏறாம வேகமா போகக் கூடாது."

இந்த வட்டத்துக்குள் நுழைந்தவர்கள் வெளியே வந்ததில்லை.

காரை அவன் பெங்களூரில் ஒருவரிடமிருந்து செகண்ட் ஹேண்டில் வாங்கியிருந்தான். நான்கு டிப்பர் லாரிகளை வைத்துக்கொண்டு சுரங்கத்துக்கும் சிமெண்ட் ஆலைக்கும் நடுவே ஓயாமல் சுண்ணாம்புக்கல் லோடு அடிக்கிற மனிதனுக்கு, எதையும் சுமக்காத ஒரு வண்டி வேண்டும் என்று தோன்றியதில் வியப்பில்லை. அப்போது அவள் அப்படித்தான் மனதைத் தேற்றிக்கொண்டாள். ஜெர்மன் கார். இரண்டே கதவு. பின்சீட்டில் சின்னப் பிள்ளையைக்கூட முழங்காலை மடித்துத்தான் வைக்க முடியும். நிறம் எலுமிச்சை மஞ்சள். விற்றவர் அதைப் பந்தயத் தடத்தில் எல்லாம் ஓட்டிப் பார்த்தவர். சாவியைக் கொடுக்கும்போது, "இதுல போட்டிருக்கறது சம்மர் டயர், பிரதர். குளிர்ல பிடிக்காது, பாத்து ஓட்டுங்க," என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். அவர் சொன்ன மற்ற எதுவும் கலைச்செல்வனுக்கு நினைவில்லை. இது மட்டும் பச்சை குத்தியதுபோல நின்றுவிட்டது.

தார் உருகும் அரியலூர் வெயிலில் அந்த டயர்களுக்கு ஒரு குறையும் கிடையாது. கார்த்திகை பிறந்தால் போதும், கார் நோயாளி ஆகிவிடும். மார்கழியும் தையும் முழுக்க உறைக்குள்ளேயே கிடக்கும். சம்மர் டயருக்கு ஆகாத குளிர் என்பது பனிக்கட்டி விழுகிற தேசத்துக் குளிர், ஏழு டிகிரிக்குக் கீழே இறங்குகிற குளிர், இந்த ஊரில் மார்கழி விடியலில்கூடப் பதினெட்டுக்குக் கீழே இறங்குவது அபூர்வம் என்று, அறிவியல் ஆசிரியையான வினோதினி படம் போட்டே விளக்கினாள்.

"அந்த ஊருக் குளிரு அந்த ஊருக்காரனுக்கு," என்றான் அவன். "நம்ம ஊருக் குளிரு நமக்கு."

உள்ளேயிருந்து மாமியார் பஞ்சவர்ணம் காதோடு சேர்த்துத் துண்டைக் கட்டிக்கொண்டு வந்தார். மகன் தரையில் உட்கார்ந்து டயருக்கு நேரே கருவியை நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தார்.

"என்னப்பா, இன்னும் வெறைச்சுக்கிட்டுத்தான் கெடக்கா?"

"ஆமாம்மா."

"வெந்தண்ணி வச்சிருக்கேன் அடுப்புல. கொண்டாந்து ஊத்தட்டா?"

கலைச்செல்வன் உடனே வேண்டாம் என்று சொல்லவில்லை. தலையைச் சாய்த்து யோசித்தான். அவன் யோசிக்கிறான் என்பதைப் பார்த்தபோது வினோதினிக்கு நெற்றிப்பொட்டு விண்ணென்றது.

"அத்த, அது நீங்க குளிக்க வச்ச தண்ணிதானே? நீங்க குளிங்க," என்றாள். பிறகு அவனிடம், "கெளம்புங்க," என்றாள்.

இந்த நேர்முகத் தேர்வைப் பற்றி அவள் முதலில் யாரிடமும் சொல்லவில்லை. அரியலூரில் வேலை பார்க்கும் பள்ளியில் அவள் துணைத் தலைமையாசிரியை. கால அட்டவணை போடுவது, பெற்றோரைச் சமாளிப்பது, மழை வந்தால் விடுமுறை விடலாமா என்று கலெக்டர் ஆபீசுக்குப் போன் அடிப்பது எல்லாம் அவள். கையெழுத்து மட்டும் தலைமையாசிரியர். பெரம்பலூரில் நாலு ரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்குத் தலைமையாசிரியை தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு ரகசியமாக விண்ணப்பித்தாள். அழைப்பு வந்த பிறகே அவனிடம் சொன்னாள். அவன் முகம் சுளிப்பான் என்று நினைத்தாள். அவன் எழுந்தே நின்றுவிட்டான்.

"நான் கார்ல கொண்டுபோயி எறக்குறேன். ஹெச்செம்முன்னா அப்படித்தான் போயி எறங்கணும். பஸ்ஸுல கசங்கிப் போயி நின்னா எவன் மதிப்பான்?"

அதுதான் அவளுக்குச் சங்கடம். கெட்டவனாக இருந்திருந்தால் கோபித்துக்கொள்ள வசதியாக இருந்திருக்கும். அவன் மனதார அவளுக்கு நல்லதே நினைத்தான், அந்த நல்லதைத் தன் வண்டியில் ஏற்றித்தான் கொடுப்பேன் என்று நின்றான். பெரம்பலூருக்கு அடுத்தடுத்து பஸ் இருக்கிறது. பஸ்ஸில் போகிறேன் என்று அவள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று தன்னையே கேட்டபோது, அவன் மனம் நோகுமே என்ற பதில் தயாராக இருந்தது. நல்ல பதில். அதற்குமேல் அவள் தோண்டவில்லை.

ஒருவழியாக அவன் காரைக் கிளப்பினான். அது போட்ட உறுமலில் வேப்பமரத்துக் காக்கைகள் எழுந்து பறந்தன. அந்தக் காரில் ஏறுவது என்பது பாயில் உட்காருவது மாதிரி. சேலையை ஒதுக்கி, ஒரு காலை உள்ளே விட்டு, மிச்ச உடம்பைக் கீழே போட வேண்டும். மடிப்பு வைத்துக் கட்டிய பருத்திச் சேலை முதல் நிமிடத்திலேயே கசங்கியது. பஸ்ஸிலும் இவ்வளவுதான் கசங்கியிருக்கும்.

வீடு ஊருக்கு வெளியே பெரம்பலூர்ச் சாலையிலேயே இருந்தது. தெருமுனையில் வேகத்தடை. காரின் வயிறு தரையோடு ஒட்டியிருப்பதால் நேராக ஏறக் கூடாது, கோணலாக ஏற்ற வேண்டும். அவன் கோணலாக ஏற்றி, கோணலாக இறக்கி, மூச்சை விட்டான். அதற்குள் ஒரு ஷேர் ஆட்டோ தாண்டிப் போனது. அடுத்த வேகத்தடையில் தலையில் கீரைக்கட்டோடு நடந்துபோன ஒரு பெண்மணி தாண்டிப் போனாள். மெயின் ரோட்டில் ஏறும்போது பெரம்பலூர் போகும் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு கடந்து போனது. ஜன்னலோரம் காலி சீட் இருந்தது வினோதினியின் கண்ணில் பட்டது.

"அவன் போவட்டும்," என்றான் கலைச்செல்வன். "பேரளி ஸ்டாப்பு வர்றதுக்குள்ள புடிச்சிருவேன்."

"புடிச்சு என்ன செய்யப் போறீங்க?"

"என்ன வினோ இப்படிக் கேக்குற?"

அவளுக்கு உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. பிடித்த பிறகு என்ன? அந்த பஸ்ஸைப் பிடிப்பதற்கு, அந்த பஸ்ஸிலேயே ஏறியிருக்கலாமே.

சாலை காலியாக இருந்த இடத்தில் அவன் ஸ்டியரிங்கை இடமும் வலமுமாக வளைக்கத் தொடங்கினான். கார் சாரைப்பாம்பு மாதிரி சாலையின் இரண்டு ஓரத்தையும் தொட்டுத் தொட்டு ஊர்ந்தது. எதிரே டி.வி.எஸ்ஸில் பால் கேனோடு வந்தவர் ஓரம்கட்டி நின்று, அவர்கள் கடந்து போகும்வரை ஏதோ திட்டினார். கண்ணாடி ஏற்றியிருந்ததால் வாயசைவு மட்டும் தெரிந்தது. அதுவே போதுமாக இருந்தது.

"என்னங்க இது?"

"டயரச் சூடு பண்றேன். பந்தயத்துல ஆரம்பிக்கறதுக்கு மின்னாடி எல்லாரும் இப்படித்தான் ஓட்டுவாங்க. போன்ல பாத்ததில்ல நீ?"

"நமக்கு எப்பங்க பந்தயம் ஆரம்பிக்குது?"

அவன் ஓரம்கட்டினான். கருவியை எடுத்துக்கொண்டு இறங்கினான். நான்கு கீச்சுகளும் அவளுக்கு உள்ளே கேட்டன. திரும்பி வந்து உட்கார்ந்தபோது அவன் முகத்தைப் பார்த்தே அவள் தெரிந்துகொண்டாள்.

"அடுத்த ஸ்டாப்புல எறக்கி விடுங்க. நான் பஸ்ஸுல போயிக்கிறேன்," என்றாள்.

"கோவமா?"

"இல்லைங்க."

"கோவம்னா கோவம்னு சொல்லு."

"கோவமில்லைங்க. நேரமாவுது."

"உனக்காகத்தான் பாத்துப் பாத்து ஓட்டுறேன். தனியா வந்தா இப்படியா ஓட்டுவேன்?" அவன் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "சரி. மிதிக்கச் சொல்ற. மிதிக்கிறேன்."

அவள் மிதிக்கச் சொல்லவில்லை. ஆனால் அதற்குள் அவன் மிதித்துவிட்டான்.

அந்த இடத்தில் சுண்ணாம்புக்கல் லாரிகள் மண்பாதையிலிருந்து மெயின் ரோட்டில் ஏறும். உதிர்ந்த தூள் பறக்காமல் இருக்கக் காலையில் தண்ணீர் லாரி வந்து தெளித்துவிட்டுப் போயிருந்தது. சாலை இட்லி மாவு ஊற்றியது மாதிரி வெள்ளையாக மின்னியது. கார் முன்னால் பாய்வதற்குப் பதிலாக அதன் பின்பாகம் தனியாகக் கிளம்பியது. வினோதினி தன் பக்கத்துக் கண்ணாடியில் தாங்கள் வந்த சாலையைப் பார்த்தாள், பிறகு புளியமரத்தைப் பார்த்தாள், பிறகு வானத்தைப் பார்த்தாள். சரிவில் இறங்கி, அறுவடை முடிந்து கொல்லைக்காட்டில் காய்ந்த தண்டுகளாகக் குவித்துவைத்திருந்த மக்காச்சோளத் தட்டைப் போரில் கார் மூக்கைச் செருகிக்கொண்டு நின்றது.

ஒரு சத்தமும் இல்லை. தட்டை மட்டும் காற்றில் சரசரத்தது.

அப்பாடா, இனிமேல் போக வேண்டாம்.

அதுதான் அவளுக்குள் முதலில் எழுந்தது. உயிர் இருக்கிறதா, எலும்பு இருக்கிறதா என்பதற்கெல்லாம் முன்னால் அது வந்து உட்கார்ந்துகொண்டது. பயம் அதற்குப் பிறகுதான் வந்தது. ஆனால் வந்த வரிசையை அவள் கவனித்துவிட்டாள். முதல் பெஞ்சுக்காரனைப் போல முந்தி வந்து நின்ற அந்த நிம்மதியை அவளுக்குப் பிடிக்கவில்லை. அதன் முகத்தைப் பார்க்காமல் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

"வினோ. வினோ. எங்கியாச்சும் பட்டுச்சா?" கலைச்செல்வன் அவள் தோளை, கழுத்தை, தலையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். அவன் விரல்கள் ஜில்லென்று இருந்தன. "பேசு வினோ."

"ஒண்ணும் ஆவலைங்க."

அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை, தனக்கு ஒன்றும் ஆகவில்லை, காருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று அவன் ஒவ்வொன்றாக உறுதி செய்துகொண்டான். உறுதியானதும் அவன் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் ஏறியது.

"பாத்தியா?" என்றான். "சொன்னனா இல்லையா?"

அவள் அவனைப் பார்த்தாள்.

"ரெண்டு வருசமாச் சொல்றேன், குளுருல புடிக்காது, குளுருல புடிக்காதுன்னு. பதினெட்டு டிகிரின்ன, ஏழு டிகிரின்ன. இப்ப என்ன சொல்ற?"

தட்டைப் போருக்குள் சொருகி நிற்கும் காரில் உட்கார்ந்து ஒரு மனிதன் இவ்வளவு சந்தோஷமாக இருக்க முடியும் என்பதை அவள் அன்றுதான் கண்டாள். அவனை அறையலாம் போலிருந்தது. அழலாம் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் கதவைத் தள்ளித் திறந்து இறங்கினாள்.

உழவுசாலில் செருப்பு புதைந்தது. தடுமாறிப் பின்சக்கரத்தின் மேல் கை வைத்தாள். கை வழுக்கியது. உள்ளங்கையில் சுண்ணாம்புச் சேற்றோடு பிசுபிசுவென்று இன்னும் ஏதோ ஒட்டியிருந்தது. முகர்ந்து பார்த்தாள். சின்ன வயதில் பள்ளிக்கூட லீவு விட்டதும் மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றுவார்களே, அந்த வாசனை. விளக்கெண்ணெய்.

அவளுக்கு விளங்கிவிட்டது. இந்த வீட்டில் முன்பு உழவு மாடுகள் இருந்தன. மாடுகள் போய் லாரிகள் வந்தபோது, பஞ்சவர்ணம் மாடுகளுக்குச் செய்ததை எல்லாம் அப்படியே லாரிகளுக்கு மாற்றிவிட்டார். மாட்டுப் பொங்கலன்று லாரிகளைக் கழுவி, முகப்பு விளக்குகளுக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, கொம்புக்கு எண்ணெய் தேய்ப்பதுபோல டயர்களுக்கு விளக்கெண்ணெய் தேய்ப்பார். போன வாரமும் தேய்த்தார். கிண்ணத்தோடு அவர் குனிந்து குனிந்து நடந்ததை வினோதினி சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தாள். லாரிக்கு என்றுதான் நினைத்தாள். அன்றைக்குப் பிறகு கார் இன்றுதான் வெளியே வருகிறது.

"இங்க வாங்க," என்றாள். "மோந்து பாருங்க."

கலைச்செல்வன் அவள் உள்ளங்கையை முகர்ந்தான். பிறகு குனிந்து டயரை முகர்ந்தான். பிறகு நான்கு டயர்களையும் சுற்றி வந்து முகர்ந்தான். அவன் முகத்திலிருந்த வெளிச்சம் அணைந்தது. போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டான்.

"ஏம்மா, காரு டயர்ல எண்ணெ தேச்சியா?"

"ஆமாப்பா. போயி சேந்துட்டீங்களா?"

"சேரல. எதுக்குத் தேச்ச?"

"எதுக்குத் தேப்பாங்க? மாட்டுப் பொங்கலுக்குத் தேச்சேன். லாரியெல்லாம் மினுமினுன்னு நிக்குது, இது மட்டும் மூலையில போத்திக்கிட்டு வறட்டுன்னு கெடந்துச்சு. மனசு கேக்கல. நீ வேற குளுரு ஆவல, குளுரு ஆவலன்னு சொல்லிக்கிட்டே இருந்தியா, வெளக்கெண்ண சூடு குடுக்கும்னு கொஞ்சம் தாராளமாவே தேச்சு விட்டேன்."

"ஓரத்துல மட்டும் தேச்சியா, ரோட்டுல படுற எடத்துலயுமா?"

"அரையும் கொறையுமா எந்த வேலைய நான் செஞ்சிருக்கேன்?" பஞ்சவர்ணத்துக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏன், காருக்கு ஆவலையா? வினோகிட்ட போனக் குடு."

கலைச்செல்வன் போனை அணைத்துவிட்டு டயரை விரலால் வழித்துப் பார்த்தான். பிறகு தலையைத் தூக்கி, "எண்ணெ இருந்தாலும் குளிரு இல்லாட்டி இவ்வளவு வழுக்கியிருக்காது," என்றான்.

வினோதினி திரும்பிப் பார்க்காமல் சரிவில் ஏறி ரோட்டுக்கு வந்தாள்.

கலைச்செல்வனுடைய டிப்பர்களில் ஒன்றே சுரங்கத்திலிருந்து லோடோடு எதிரே வந்தது. ஓட்டி வந்த மாயவன், கொல்லையில் மஞ்சளாக எதையோ பார்த்து வண்டியை நிறுத்தி ஜன்னலில் தலையை நீட்டினான்.

"என்னங்க மொதலாளி, கட்டு அவுத்துக்கிட்டு மேயப் போயிருச்சா?"

"வாய மூடிக்கிட்டு சங்கிலிய எடு."

"எடுக்கறேன், எடுக்கறேன். கொல்லைக்காரரு வந்தா தட்டையத் தின்னதுக்குப் பட்டியில அடைச்சிருவாரு, அதுக்குள்ள இழுத்துருவோம்." அவன் இறங்கிப் பின்பக்கம் போனான். போகும்போது வினோதினியைப் பார்த்துக் குரலைத் தணித்தான். "டீச்சரம்மா, நீங்க எங்கயும் கெளம்புனீங்களா?"

"பெரம்பலூருக்கு."

"அடடா. நான் அந்தப் பக்கம் போவலையே. பஸ்ஸு வரும், கைய காட்டுங்க, நிறுத்துவான்."

பஸ் வந்தது. தூரத்தில் அது தெரிந்தபோது வினோதினி சாலை ஓரத்தில் சரியான இடத்தில்தான் நின்றிருந்தாள். டிரைவர் காரைப் பார்த்து வேகத்தைக் குறைத்தார். கண்டக்டர் படியில் நின்று அவளைப் பார்த்தார். ஏறுகிறாயா என்று கேட்கிற பார்வை. அவள் அந்த நேரம் பார்த்துக் குனிந்து சேலைக் கரையில் ஒட்டியிருந்த சேற்றைத் தட்டத் தொடங்கினாள். சேறு காய்ந்திருக்கவில்லை, தட்டத் தட்ட அப்பியது. மிகுந்த கவனத்தோடு தட்டினாள். பஸ் அவளைக் கடந்து வேகம் எடுத்தது.

கலைச்செல்வன் பார்க்கவில்லை. அவன் சங்கிலியை எங்கே மாட்டுவது என்று மாயவனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தான். யாரும் பார்க்கவில்லை. பஸ் போன பிறகுதான் அவள் நிமிர்ந்தாள்.

அவளை யாரும் பிடித்து நிறுத்தவில்லை. கையைத் தூக்க விடாமல் எந்த டயரும் குறுக்கே நிற்கவில்லை. அவள்தான் விட்டாள்.

சேறு தட்டிய விரல்களைப் பார்த்தபடி அவள் அதே இடத்தில் நின்றாள். காலையிலிருந்து அவன்மேல் வந்த எரிச்சலை எல்லாம் ஒன்றுவிடாமல் திரும்ப எடுத்துப் பார்த்தாள். அத்தனையும் நியாயமான எரிச்சல்தான். ஒன்றையும் தள்ள முடியாது. ஆனால் அவை எத்தனை வசதியாக இருந்தன. நாளைக்கு ஆசிரியர் அறையில் இந்தக் கதையைச் சொன்னால் எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். பாவம் டீச்சர், அந்தக் கார் மட்டும் இல்லையென்றால் இந்நேரம் ஹெச்.எம். ஆகியிருப்பீர்கள் என்பார்கள். அவளும் உச்சுக்கொட்டிச் சிரிப்பாள். உள்ளே போய் உட்கார்ந்து, கேட்ட கேள்விக்குப் பதில் தெரியாமல் விழித்து, அவர்கள் வேண்டாம் என்று சொல்லித் திரும்பி வருவதைவிட அது எவ்வளவோ மேல். அந்தக் கதைக்காகத்தான் முதலிலிருந்தே அவள் பஸ் வேண்டாம் என்று இருந்தாளா? அவன் மனம் நோகும் என்பதெல்லாம் சும்மாவா? முழுக்கச் சும்மா இல்லை. ஆனால் முழுக்க நிஜமும் இல்லை. அவன் டயருக்குச் சூடு ஏறவில்லை என்று காத்திருந்தான். அவள் அவனுக்காகக் காத்திருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு, காலை முழுக்க அவனுக்குப் பின்னால் ஒளிந்திருந்தாள்.

இதுவரை அவன்மேல் இருந்த எரிச்சல் அப்படியே திரும்பித் தன்மேல் பாய்ந்தபோது, அது பல மடங்கு கடுமையாக இருந்தது. அவன்மேல் வந்ததையாவது பெருமூச்சு விட்டு ஆற்ற முடிந்தது.

போனை எடுத்துப் பெரம்பலூர்ப் பள்ளிக்கு அடித்தாள். பேசியவர் ஆபீஸ் பெண்.

"வினோதினின்னு பேசறேங்க. இன்டர்வியூவுக்கு வரணும். வர்றதுக்கு லேட்டாவும்."

"எங்க இருக்கீங்க மேடம்?"

"இன்னும் அரியலூர்ப் பக்கத்துலதாங்க."

அந்தப்பக்கம் யாரிடமோ கேட்கும் சத்தம். "இன்னும் ரெண்டு பேரு வெளிய உக்காந்திருக்காங்க. அவங்க முடியறதுக்குள்ள வந்துட்டா பாப்பாங்களாம். முடிஞ்சிட்டா சார் கெளம்பிருவாராம்."

"வந்துட்டே இருக்கேங்க."

கலைச்செல்வன் சரிவில் ஏறி வந்தான். சட்டை முழுக்கத் தட்டைச் சருகு. "அஞ்சே நிமிசம் வினோ. மாயவன் இழுத்துருவான். டயர மண்ணெண்ண போட்டுத் தொடைச்சிட்டா..."

"வேண்டாங்க."

"வெயிலும் ஏறிருச்சு பாரு. இனிமே நல்லாப் புடிக்கும்."

"வேண்டாங்க. நான் பஸ்ஸுல போறேன்."

"இந்தக் கோலத்துலயா? சேலையெல்லாம் சேறு. இன்னொரு நாளைக்கு வரேன்னு கேட்டுப் பாரேன். ஆக்சிடென்ட்டுன்னு சொல்லு, போட்டோ எடுத்து அனுப்பறேன். பாவம்னு நெனைச்சு இன்னொரு தேதி தருவாங்க."

அவன் அதைச் சொன்னபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவள் மனதுக்குள் மடித்துவைத்திருந்ததை இந்த மனிதன் எடுத்து நடுரோட்டில் உதறிக் காட்டிவிட்டான்.

"பாவம்னு நெனைக்க வேண்டாங்க," என்றாள்.

"நான் ஒண்ணும் வேணும்னு செய்யல வினோ."

"தெரியும்ங்க. உங்கமேல ஒண்ணும் இல்ல. அத்தகிட்டப் பேசுங்க, பயந்துகிட்டு இருப்பாங்க. திட்டாதீங்க."

அடுத்த பஸ் வருவதற்கு நேரம் பிடித்தது. வந்தபோது கையைத் தூக்கினாள். தோள்பட்டை வலித்ததால் பாதிதான் ஏறியது, ஆனாலும் பஸ் நின்றது. உள்ளே கூட்டம். கம்பியைப் பிடித்தபோது கை வழுக்கியது. கைக்குட்டையைச் சுற்றிப் பிடித்துக்கொண்டாள். பக்கத்தில் நின்ற பெண் மூக்கைச் சுருக்கி அவளைப் பார்த்துவிட்டு, "கொழந்தைக்குக் குடுத்தீங்களா? வயித்துக்கு நல்லதுதான்," என்றாள். வினோதினி ஆமாம் என்று தலையாட்டினாள். பேரளி போனது, சித்தளி போனது. அவர்கள் என்ன கேட்பார்கள், என்ன சொல்வது என்று ஒத்திகை பார்க்க நினைத்தாள். ஒன்றும் ஓடவில்லை. பயந்துகொண்டே பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தாள்.

வெளியே நாற்காலிகள் காலியாக இருந்தன. ஆபீஸ் பெண் அவளை ஏற இறங்கப் பார்த்து, "சீக்கிரம் போங்க மேடம்," என்று கதவைக் காட்டினாள்.

உள்ளே மூன்று பேர். நடுவில் இருந்த பாலசுந்தரம், பள்ளியின் தாளாளர், கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துவிட்டிருந்தார். எழுந்துகொள்ளப் போகிறவர் மாதிரி இருந்தது. அவள் சேலையின் கீழ்ப்பாதியைப் பார்த்தார்.

"என்னம்மா இது. வழியில எதும் பிரச்னையா?"

கதை அவள் நாக்கின் நுனியில் நின்றது. காரும், தட்டைப் போரும், விளக்கெண்ணெயும். நல்ல கதை. சொன்னால் ஒரு காபி வரவழைத்துக் கொடுப்பார்கள்.

"வழுக்கிருச்சுங்க சார். ஆனா லேட்டுக்கு அது காரணம் இல்லைங்க. நான் மொதல்லயே பஸ்ஸுல கெளம்பிருக்கணும். அப்புறமும் ஒரு பஸ்ஸ விட்டுட்டேன்."

ஓரத்தில் இருந்த பெண்மணி தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினார். வினோதினி உட்கார்ந்தாள். பாலசுந்தரம் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

"அப்ப இதுலேர்ந்தே ஆரம்பிப்போம். நீங்க ஹெச்செம்மா இருக்கற எடத்துல தெனமும் ஒரு டீச்சர் லேட்டா வர்றாங்க. கேட்டா தெனமும் ஒரு காரணம் சொல்றாங்க, எல்லாம் நெசமான காரணம். என்ன செய்வீங்க?"

வினோதினி தண்ணீரைக் குடித்தாள். டம்ளரில் எண்ணெய்க் கைரேகை பதிந்தது.

"காரணத்தக் கேக்கறத நிறுத்திருவேங்க சார்," என்றாள். "உள்ள வர்றதுக்கு எதுக்குப் பயப்படுறாங்கன்னு கேப்பேன்."

பெண்மணி ஏதோ எழுதிக்கொண்டார். பாலசுந்தரம் தலையாட்டவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. அடுத்த கேள்வி எழுதியிருந்த தாளை எடுத்து மேலே வைத்தார்.